பேர் தேடிய பயணம்



மலையகத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, தாய் தந்தையர் வைத்த பெயர். மற்றது, ஒரு நாள் வேலைக்கான கணக்கு. கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்' போடுவார்கள், நிறைந்தால் 'முழுப்பேர்'. மாத முடிவில் இருபது பேர் விழுந்ததா, இருபத்திரண்டு பேர் விழுந்ததா என்றுதான் வீட்டில் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு மனிதரின் பெயரைக் குறிக்கும் சொல்லே அவருடைய ஒரு நாள் உழைப்பின் கணக்கையும் குறிக்கத் தொடங்கிய இடம் எங்கள் மலைநாடு. இவ்வழக்கை மொழியியல் விநோதமாக மட்டும் கொள்ளலாகாது. 'நீ யார்?' என்ற கேள்விக்குத் தோட்டம் அளித்த விடை இதற்குள் அடங்கியிருக்கிறது. செக்ரோலில் பேர் விழுந்தால் நீ இருக்கிறாய். பேரை வெட்டினால் நீ இல்லை.

இந்தக் கேள்விக்கு வேறொரு விடையைக் கிறிஸ்தவ சமயத்தில் கண்டடைந்த மலையக மக்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். நான் ஓர் இந்து, கந்தப்பளையைச் சேர்ந்தவன், கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பவன். எங்கள் மலைகளில் பெரும்பான்மையினர் மாரியம்மனையும் முருகனையும் முனியாண்டியையும் வழிபடுவோரே. கிறிஸ்தவர் தொகை சிறியது. ஆயினும் அச்சிறு தொகையினரின் வரலாற்றை விட்டுவிட்டு மலையகத் தமிழரின் இலக்கிய வரலாற்றையோ சமூக வரலாற்றையோ எழுத முடியாது. மதம் மாறியவர் தம் இனத்தை விட்டு விலகிப் போனவர் என்ற எண்ணம் நம்மிடையே பலருக்கு உண்டு. வரலாறு அதற்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கதை ஒரு நடைப்பயணத்தில் தொடங்குகிறது. 1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பிச் செய்கை தொடங்கியபின், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் தூரம் நடந்தே வந்தனர். வழியில் வாந்திபேதி, காய்ச்சல், பசி, காட்டு விலங்கு. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடந்தனர். ஊரிலிருந்து புறப்படும்போதே ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு சுமை ஏறியிருந்தது. அது கடன். முன்பணம் என்ற பெயரில் கங்காணி கொடுத்த காசு, வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அவர் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போவதானால் அக்கடன் தொகையை எழுதிய 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் மட்டும் ஆளின் தலையிலேயே இருக்கும். 1921இல்தான் இத்துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

இக்காலத்தில்தான், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அங்கிலிக்கன் திருச்சபையின் சி. எம். எஸ். மிஷன் சார்பில் கண்டியை மையமாகக் கொண்டு 'தமிழ்க் கூலி மிஷன்' உருவாயிற்று. தோட்டத் தமிழரிடம் பணி செய்வதற்குத் தமிழ் பேசும் ஆட்கள் வேண்டும். அவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தனர். ரேனியுஸ், கால்டுவெல், போப் முதலியோரின் உழைப்பினால் அங்கே அப்போது சபைகளும் பள்ளிக்கூடங்களும் பெருகியிருந்தன. அப்பள்ளிகளில் எழுத்தறிந்த தமிழர் 'உபதேசியார்' என்ற பெயருடன் கடல் கடந்து எங்கள் மலைகளுக்கு வந்தனர்.

இந்த உபதேசியாரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் அதுவரை தொழிலாளியிடம் பேசியவர்கள் துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி ஆகியோரே. அவர்கள் பேச்சு கட்டளையாகவோ கணக்காகவோ இருந்தது. உபதேசியார் கையில் பிரம்பும் இல்லை, கடன் சீட்டும் இல்லை. அந்திப் பொழுதில் லயத்து இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து, தொழிலாளியின் மொழியிலேயே ஒரு கதையைச் சொன்னார். ஒரு பாட்டைப் பாடினார். கேட்க விரும்பியவர்க்கு எழுத்தையும் சொல்லிக் கொடுத்தார். தோட்டங்களில் பாடசாலை அமைவதற்கான சட்டங்கள் 1907இலும் 1920இலும்தான் வந்தன. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே மிஷனைச் சேர்ந்தோரின் கைவழியாக எழுத்து சில லயங்களுக்குள் நுழைந்துவிட்டது.

அவர்கள் சொன்ன செய்தியில் 'மீட்பு' என்ற சொல் முக்கியமானது. சமய நூலில் அது பாவத்திலிருந்து விடுதலை. தமிழர் அன்றாட வழக்கிலோ, அடகு வைத்த பொருளைக் கடன் கட்டித் திருப்பிக்கொள்வது மீட்பு. தன்னையே அடகு வைத்து மலைக்கு வந்த ஒருவர் காதில் இச்சொல் எப்படி ஒலித்திருக்கும்! உன் கடனை வேறொருவர் தீர்த்துவிட்டார், நீ இனி எவர் சீட்டுக்கும் உரியவன் அல்லன் என்ற செய்தியை அவர் வேதாந்தமாக மட்டும் கேட்டிருக்க முடியாது. அதைத் தம் வாழ்க்கையைப் பற்றிய செய்தியாகவும் கேட்டிருப்பார்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் கிடைத்தது. தேவசகாயம், ஞானப்பிரகாசம், தாவீது, சூசை, அந்தோனியம்மாள், அருளம்மாள் என்ற பெயர்கள் எங்கள் தோட்டங்களில் இன்றும் வழங்குகின்றன. செக்ரோலில் விழும் 'பேர்' மாலையில் தீர்ந்துவிடும். கோயில் பதிவேட்டில் எழுதிய பெயரோ பிறப்பு, திருமணம், இறப்பு என்று மூன்று முறை ஒருவரை மனிதராகக் குறித்து வைத்தது. ஊரில் பலர் சாதியால் அறியப்பட்டு, தோட்டத்தில் கடனால் அறியப்பட்டிருந்தவர்கள். அவர்களுக்கு இது சிறிய பேறு அன்று.

ஆனால் வரலாறு எழுதுவோர் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுதல் கூடாது. அந்த மிஷன் தன் பெயரிலேயே 'கூலி' என்ற சொல்லைச் சுமந்திருந்தது. கடவுள் முன் எல்லோரும் சமம் என்று போதித்த அமைப்பே, யாருக்குப் போதிக்கிறோம் என்பதைத் துரைமாரின் சொல்லால்தான் குறித்தது. அதன் செலவின் ஒரு பங்கைத் தோட்டத் துரைமாரின் நன்கொடை தாங்கியது. தோட்ட எல்லைக்குள் கால் வைக்கத் துரையின் அனுமதி வேண்டும். ஆகவே குடியை விடு, பொய் சொல்லாதே என்று போதிப்பது எளிதாயிருந்தது. சம்பளத்தை ஏன் பிடித்தாய் என்று துரையிடம் கேட்பது எளிதாயில்லை. டிக்கோயாப் பக்கத்தில் 1878இல் எழுந்த வார்லி தேவாலயத்தையும், புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் யூலியா மார்கரெட் கமரன் 1879இல் அடக்கம் செய்யப்பட்ட பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தையும் காணச் செல்வோர் கல்லறைகளில் துரைமார் குடும்பப் பெயர்களை வாசிக்கலாம். அம்மலைகளைத் தேயிலையாக்கிய தொழிலாளரின் பெயர்கள் அவ்வாறு கல்லில் பொறிக்கப்படவில்லை. சாதியும் கோயில் வாசலோடு நின்றுவிடவில்லை. லயத்தில் இருந்த பிரிவு, மணஉறவிலே கிறிஸ்தவரிடையிலும் தொடர்ந்தது.

இலக்கியத்திலும் இதே இரட்டை நிலையைக் காணலாம். மலையக இலக்கியத்தின் முதல் நூல்களில் ஒன்றாக ஆய்வாளர் குறிப்பிடுவது 1869இல் வெளிவந்த 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. அதை இயற்றியவர் ஆபிரகாம் ஜோசப் என்ற கிறிஸ்தவர். கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி மெட்டில் பாடிய நூல் அது. மக்களுக்குப் பழகிய கும்மியை ஒரு புதிய தொழிலுக்குப் பயன்படுத்திய துணிவு பாராட்டத்தக்கது. ஆனால் தோட்டத்தைத் துரைமாரின் பக்கத்திலிருந்து பார்க்கிறது, தொழிலாளியின் துயரம் அதில் ஒலிக்கவில்லை என்பதே விமர்சகர் கண்ட குறை. எழுத்தைக் கொடுத்த மரபு, அவ்வெழுத்தினால் யாருக்காகப் பேசுவது என்பதை அப்போது முடிவு செய்திருக்கவில்லை. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் பரவத் தொடங்கியதும் அதே 1869இல்தான் என்பது நோக்கத்தக்கது. கும்மி பாடிய தொழில் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சரிந்தது. மலைகள் தேயிலைக்கு மாறின. மக்கள் அதே லயங்களில் இருந்தனர்.

இவ்விடத்தில் சற்றுக் கடல் கடந்து, உபதேசியார் புறப்பட்டு வந்த அதே திருநெல்வேலிச் சீமைக்குப் போவோம். பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர் கிருஷ்ணபிள்ளை. கம்பனில் ஊறியவர். 1853இல் சாயர்புரத்து மிஷன் பள்ளியில் தமிழாசிரியரானார். ஆசிரியப் பணிக்குச் சென்றவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஆனார். தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு இவர் வரலாற்றில் முக்கியமாகத் தோன்றுவது மதமாற்றத்துக்குப் பிறகு அவர் செய்த காரியம். ஆங்கிலப் பெயரைத் தம் பெயரின் முன்னே ஏற்றுக்கொண்டவர், கிருஷ்ணன் பெயரை விட்டுவிடவில்லை. கம்பனையும் விட்டுவிடவில்லை.

இங்கிலாந்தில் பாத்திரங்களுக்கு ஓட்டை அடைக்கும் தொழில் செய்த ஜோன் பனியன் என்பவர், அனுமதியின்றிப் போதித்த குற்றத்துக்காகச் சிறையில் கிடந்தவர், எழுதிய பயணக் கதை 1678இல் வெளிவந்தது. முதுகில் சுமையோடு ஒரு மனிதன் தன் ஊரை விட்டுப் புறப்பட்டுச் சேறும் மேடும் கடந்து நித்திய நகரத்தைச் சேரும் கதை. அதைத் தழுவிக் கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட காவியமே 'இரட்சணிய யாத்திரிகம்'. ஐந்து பருவங்கள், மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள், இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாக்கள். பொருள் பெத்லகேமிலிருந்து வந்தது. ஓசை கம்பநாட்டிலிருந்து வந்தது. இதனாலேயே அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழுலகம் போற்றுகிறது.

நான் இக்காவியத்தை மலையகப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒன்று எனக்குத் தவறாமல் தோன்றும். சுமையோடு ஊரை விட்டு நடந்த யாத்திரிகன் அவர்களுக்கு உருவகம் அல்லன். அவர்களுடைய பாட்டனுக்குப் பாட்டனே அவன். பனியனின் யாத்திரிகனுக்கு வழியிலேயே சுமை விழுந்துவிடுகிறது. மன்னாரிலிருந்து நடந்தவர்க்கு மலை ஏறியபின்தான் சுமை கூடியது. பனியனின் யாத்திரிகன் சேருமிடத்தில் அவனை வரவேற்று உள்ளே அழைக்கிறார்கள். எங்கள் முன்னோர் சேர்ந்த இடத்தில், நூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தபின்பும், 'நீங்கள் இந்நாட்டவர் அல்லர்' என்று சொல்லப்பட்டது.

அந்தச் சொல் சட்டமாக வந்த ஆண்டு 1948. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் சட்டங்களும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, வாக்குரிமையையும் பறித்தன. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது, எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களில் ஒருவர். அடுத்த தேர்தலில் அம்மக்களுக்கு வாக்குச் சீட்டே இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தது. இங்கும் 'பேர்' என்றுதான் எண்ணினார்கள். எவருடைய பெயரும் கேட்கப்படவில்லை.

இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இச்சட்டம் வேறுபாடு பார்க்கவில்லை. கோயில் பதிவேட்டில் பெயர் பெற்றவரும் நாட்டின் பதிவேட்டில் பெயர் இழந்தார். கடவுள் முன் நீ ஒரு மனிதன் என்று மலையேறி வந்து சொன்ன சபை, அரசு முன்னும் நீ ஒரு மனிதன் என்று சொல்லுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. சபைகள் முழுவதும் உடனே அப்படிச் சொல்லிவிட்டன என்று நான் கூற வரவில்லை. சொன்ன சிலரைக் குறிப்பிடுவது கடமை.

கண்டி மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர் லியோ நாணாயக்கார. சிங்களவர். 1972இல் பதுளை மறைமாவட்டம் புதிதாக அமைந்தபோது, வசதியும் பெருமையும் வாய்ந்த கண்டியை விட்டு, ஏழைத் தோட்டங்களும் ஏழைக் கிராமங்களும் நிறைந்த பதுளைக்குத் தாமாகவே விரும்பிச் சென்று அதன் முதல் ஆயரானார். 1982இல் மறையும் வரை அம்மக்களோடிருந்தார். அதே 1972இல் இயேசு சபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் கண்டியிலே 'சத்தியோதய' என்ற நிலையத்தை நிறுவினார். பல இனத்தவரும் பல சமயத்தவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, தோட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து, அவர்கள் உரிமைக்காக எழுதியும் பேசியும் வந்த இடம் அது. தமிழரல்லாத அவர், 2017இல் காலமாகும் வரை மலையகத் தமிழரின் வழக்கைத் தம் வழக்காகவே கருதினார்.

இவ்விருவரும் பணியைத் தொடங்கிய காலம் எத்தகையது என்பதையும் நினைக்க வேண்டும். 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. பல இடங்களில் தொழிலாளர் துரத்தப்பட்டனர். நாணாயக்காரவுக்கும் கஸ்பர்ஸுக்கும் தாம் யார் என்பதில் ஐயம் இருந்திராது. ஒருவர் ஆயர், மற்றவர் துறவி. ஆயினும் தாம் எதற்காக இருக்கிறோம் என்பதை அவர்கள் கண்டுகொண்ட இடம் பலிபீடத்தைத் தாண்டி, பெயரில்லாதவர் பக்கத்தில் இருந்தது. சமயம் ஒருவருக்கு அடையாளத்தை அளிக்கலாம். அந்த அடையாளத்துக்கு ஒரு நோக்கம் பிறப்பது அயலான் பொருட்டு அதைச் செலவிடும்போதுதான் என்று இவர்களிடமிருந்து அறிகிறோம். அரை நூற்றாண்டுக்கு மேலாக மிஷனிடம் கேட்கப்படாதிருந்த கேள்விக்கு அவர்கள் வாழ்ந்து காட்டிய விடை இது.

கிறிஸ்தவம் மட்டுமே மலையகத்தானுக்கு முகவரி தந்தது என்று யாரும் கருதிவிடலாகாது. 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யரும், கூட்டந்தோறும் பாடி மக்களை எழுப்பிய அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் வேறு வழியில் அதையே செய்தனர். தொழிற்சங்கத்தின் சந்தாப் புத்தகத்திலும் தொழிலாளிக்கு ஒரு பெயர் கிடைத்தது. மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அவர்தம் நினைவைக் காத்தன. இவையெல்லாம் சேர்ந்து ஓடிய ஆற்றிலே கிறிஸ்தவம் ஒரு கிளை. ஆனால் வற்றாத கிளை.

அக்கிளையில் வந்த ஒருவரோடு இலக்கியத்துக்குத் திரும்புவோம். 1934இல் பதுளை மாவட்டத்தின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவருக்கு மகனாகக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார் ஜோசப். தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரின் முன்னே வைத்துக்கொண்டு எழுதினார். 1974இல் 'காலங்கள் சாவதில்லை' நாவல். 1979இல் 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதி. 2000இல் மலையகச் சிறுகதை வரலாறு. 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது. 2022இல் அவர் மறைந்தபோது ஈழத்து இலக்கியம் முழுதும் அவரைத் தன்னவர் என்றது.

தெளிவத்தை ஜோசப் என்ற அந்தப் பெயரைச் சற்று நின்று பாருங்கள். ஜோசப் என்பது கோயில் தந்த பெயர். தெளிவத்தை என்பது தோட்டத்தின் பெயர். செக்ரோலில் ஆளை அடக்கிவைத்திருந்த தோட்டத்தின் பெயரையே ஓர் எழுத்தாளர் எடுத்துத் தம் அணியாகச் சூடிக்கொண்டார். ஆபிரகாம் ஜோசப் 1869இல் துரையின் கோப்பியைப் பாடினார். நூறு ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு ஜோசப் லயத்துக்குள்ளே இருந்து லயத்தாரின் வாழ்க்கையை எழுதினார். சமயப் பிரசாரம் அவர் எழுத்தின் நோக்கமன்று. தம் மக்கள் இந்நாட்டுக்கு உரியவர்கள் என்பதைக் கதையினால் நிலைநாட்டுவதே அவர் பணியாயிருந்தது. பாரதியின் பாடலிலிருந்து எடுத்த அத்தொகுதியின் தலைப்பே அதைச் சொல்லும். இவரை எந்த நியாயத்தால் இனத்தை விட்டு விலகியவர் என்பது?

பிரசாவுரிமை மெல்ல மெல்லத்தான் திரும்பிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் என்ற நிலையைச் சட்டத்தளவில் முடித்து வைத்தன. ஆயினும் சொந்தக் காணியில் சொந்த வீடு, நியாயமான சம்பளம் என்ற கேள்விகள் நிற்கின்றன. லயங்களும் நிற்கின்றன.

2023ஆம் ஆண்டு, முன்னோர் வந்து இருநூறு ஆண்டானதை நினைந்து, யூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய ஒரு நடைப்பயணம் ஆகஸ்ட் நடுப்பகுதியில் மாத்தளையை வந்தடைந்தது. கிறிஸ்தவ சபையினரும் சிவில் அமைப்புகளும் கைகோத்து ஒழுங்கு செய்த அப்பயணத்தில் பல சமயத்தவரும் நடந்தனர். அன்று நடந்தவர்களுக்கு முதுகில் கடன் சீட்டு இருந்தது. இன்று நடந்தவர்கள் கையில் கோரிக்கைகள் இருந்தன. அவர்கள் தங்களைக் 'கூலி' என்றோ 'இந்தியத் தோட்டத் தொழிலாளர்' என்றோ சொல்லிக்கொள்ளவில்லை. 'மலையகத் தமிழர்' என்று தம் பேரைத் தாமே சொல்லிக்கொண்டு நடந்தார்கள்.

இருநூறு ஆண்டுகளில் இம்மக்களின் பேரைப் பலர் பல ஏடுகளில் எழுதினர். சிலர் வெட்டவும் செய்தனர். லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து எழுத்தைக் கற்பித்த பெயர் தெரியாத உபதேசியார்களுக்கு இக்கணக்கில் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்வது, அவர்கள் சமயத்தைச் சேராத என்னைப் போன்றோருக்கும் உரிய நன்றிக்கடன்.